'பெட்டர் ப்ராஸ்பெக்ட்ஸ்' என்கிற பொய்

மும்பை அணுசக்தி நகரில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இரண்டு பதில்கள் மனப்பாடம். டிராம்பேயில் இருக்கும் பாபா அணு ஆராய்ச்சி மையத்துக்குள்ளே அப்பா என்ன வேலை பார்க்கிறார் என்று யாராவது கேட்டால், "பி.ஏ.ஆர்.சி." என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். பழைய வேலையை ஏன் விட்டாய் என்று கேட்டால், "பெட்டர் ப்ராஸ்பெக்ட்ஸ்" என்று சொல்ல வேண்டும். முதல் பதிலுக்கு நாட்டுப் பாதுகாப்பு என்று ஒரு நியாயமாவது உண்டு. இரண்டாவது பதில் யாரைப் பாதுகாக்கிறது என்று இத்தனை வருஷத்தில் ஒருவரும் கேட்டதில்லை.

எங்கள் அப்பாக்களுக்கு அந்த இரண்டாவது கேள்வி வந்ததே இல்லை. 1957இல் தொடங்கிய பயிற்சிப் பள்ளி வழியாகவோ, டெக்னீஷியனாகவோ டிராம்பே கேட்டுக்குள் போனவர்களில் பெரும்பாலோர் ரிட்டயர்மென்ட் மாலையோடுதான் வெளியே வந்தார்கள். நடுவில் ராஜினாமா செய்தால் அதுவரை போட்ட சர்வீஸ் முழுக்கப் பென்ஷன் கணக்கிலிருந்து போச்சு. 1972ஆம் வருஷத்து மத்திய அரசுப் பென்ஷன் விதிகளில் 26ஆவது விதி அது. முறையாக அனுமதி வாங்கி இன்னொரு அரசு வேலைக்குப் போனால்தான் தப்பிக்க முடிந்தது. வேலை போனால் குவார்ட்டர்ஸும் போகும். இப்படியொரு ஏற்பாட்டுக்குள் வாழ்ந்தவர்களுக்கு, "வேலையை விட்டுட்டானாம்" என்ற பேச்சில் ஏதோ போலீஸ் கேஸ் மாதிரி ஒரு வாடை அடித்ததில் ஆச்சரியமில்லை. பென்ஷனும் இல்லாமல் குவார்ட்டர்ஸும் இல்லாமல் தனியார் கம்பெனிகளில் மாரடிக்கும் பிள்ளைகளின் தலையிலும் அதே பயத்தைக் கட்டிவிட்டதுதான் அநியாயம்.

நான் முதலில் வேலை பார்த்தது கடலுக்கு அந்தப் பக்கம், நவி மும்பையில் ஒரு மெயின்டனன்ஸ் கான்ட்ராக்ட் கம்பெனி. ஏழாம் தேதிச் சம்பளம் இருபதாம் தேதிக்குத் தள்ளிப்போனது, பிறகு இரண்டு மாதம் வரவே இல்லை. சம்பளச் சீட்டில் பி.எஃப். ஒழுங்காகப் பிடித்திருந்தார்கள். பாஸ்புக்கைத் திறந்து பார்த்தால் ஐந்து மாதமாக ஒரு பைசா ஏறவில்லை. விட்டுவிட்டேன்.

அடுத்த இன்டர்வியூவுக்கு முதல் நாள் ராத்திரி எதிர்வீட்டு அங்கிள் என்னை உட்காரவைத்து ஒத்திகை பார்த்தார். "பழைய கம்பெனியைப் பத்தி ஒரு வார்த்தை தப்பாச் சொல்லாதே. இன்னிக்கு அவனைச் சொல்றவன் நாளைக்கு நம்மளைச் சொல்லுவான்னு நினைப்பாங்க. பெட்டர் ப்ராஸ்பெக்ட்ஸ்னு சொல்லிட்டுச் சிரி." சொன்னேன், சிரித்தேன், வேலை கிடைத்தது. காலனியில் விசாரித்தவர்களிடமும் அதையே சொல்லிவைத்தேன். சம்பளம் வராமல் வந்தேன் என்று சொல்வது எனக்குத்தான் கேவலம் போலப் பட்டது.

ஒன்றரை வருஷம் கழித்து எங்கள் பில்டிங் பையன் ஒருவன் அதே கம்பெனியில் சேர்ந்தான். நல்ல இடமாகத்தான் இருக்கும், இந்த அண்ணன் மேலே போகத்தானே வெளியே வந்தான் என்று அவன் அம்மா கணக்குப் போட்டிருக்கிறார். நாலு மாதத்தில் திரும்பி வந்தான். லிஃப்ட் வாசலில் என்னைப் பார்த்தபோது அவன் கோபப்படக்கூட இல்லை. "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேண்ணா" என்றான்.

அந்த அறிவுரைக்கு நான் எதிரியானது அன்றைக்குத்தான். அது யாரைக் காப்பாற்றுகிறது? வேலை தேடுகிறவனை என்கிறார்கள். ஆனால் சம்பளத்தை முழுங்கினவன் பெயர் கெடாமல் இருப்பதற்குச் சம்பளம் போனவன் பொய் சொல்கிறான், அதன் பலனை அடுத்து வருகிறவன் அனுபவிக்கிறான். 'நாளைக்கு நம்மளைச் சொல்லுவான்' என்று பயப்படுகிற கம்பெனியில், சொல்வதற்கு ஏதோ இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

திட்டுவது வேறு, நடந்ததைச் சொல்வது வேறு. பழைய மேனேஜரின் குணவிசேஷங்களை அரைமணி நேரம் அளக்கிறவனை யாரும் எடுக்க மாட்டார்கள், எடுக்கவும் வேண்டாம். "ரெண்டு மாசச் சம்பளம் பாக்கி, பி.எஃப். கட்டலை, அதனால வந்துட்டேன்." இதில் வசவு எங்கே இருக்கிறது? "மாமியாருக்கு டயாலிசிஸ், ஒன்றரை வருஷம் வீட்டில் இருந்தேன்" என்று ஒரு பெண் சொன்னால் அதில் கூனிக்குறுக என்ன இருக்கிறது? அந்த ஒன்றரை வருஷத்தை மறைக்க ஏதோ கோர்ஸ் படித்ததாக எழுதவைக்கிறோம்.

நல்லதை மட்டுமே பேச வேண்டும் என்று கட்டாயப்படுத்தினால் என்ன ஆகும் என்பதை ஜெர்மனியில் பார்க்கலாம். அங்கே வேலையை விட்டுப் போகிறவருக்கு நற்சான்று கொடுத்தாக வேண்டும், அது அவருடைய பிழைப்பைக் கெடுக்கவும் கூடாது. முதலாளிகள் என்ன செய்தார்கள்? பாராட்டுக்குள்ளேயே ஒரு ரகசிய பாஷையை வளர்த்துக்கொண்டார்கள். 'பாடுபட்டு முயன்றார்' என்று எழுதியிருந்தால் ஆள் எதற்கும் லாயக்கில்லை என்று அர்த்தம். நம் பெட்டர் ப்ராஸ்பெக்ட்ஸும் அந்தக் கதிக்கு வந்தாயிற்று. நானும் இப்போது ஆள் எடுக்கும் பக்கம் உட்கார்கிறேன். அந்த இரண்டு வார்த்தை காதில் விழுந்ததும் பேனாவை மூடிவிடுகிறோம். சொல்கிறவரும் நம்பவில்லை, கேட்கிறவரும் நம்பவில்லை, சடங்கு மட்டும் நடக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், இந்த நகரமே அந்தச் சடங்கைச் செய்யாத ஒருவரால் வந்தது. 1944 மார்ச்சில் ஹோமி பாபா, சர் தோராப்ஜி டாட்டா அறக்கட்டளைக்கு ஒரு கடிதம் எழுதினார். அப்போது அவர் வேலை பார்த்தது பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில், அன்றைக்கு நாட்டிலேயே பெரிய பெயர் உள்ள இடம். இயற்பியலின் அடிப்படை ஆராய்ச்சிக்கு இந்தியாவில் உருப்படியான இடம் இல்லை, அப்படி ஒன்று இருந்தால் இன்னும் இருபது வருஷத்தில் அணுசக்திக்கு வெளிநாட்டு நிபுணர்களைத் தேட வேண்டியிருக்காது என்று நேராகவே எழுதினார். யாரையும் ஏசவில்லை, எதையும் மறைக்கவும் இல்லை. அடுத்த வருஷம் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் வந்தது, 1954இல் டிராம்பே அணுசக்தி நிலையம். எதிர்வீட்டு அங்கிளிடம் ஒத்திகை பார்த்திருந்தால் அவர் பெங்களூரிலேயே சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

பாபாவுக்குக் குடும்ப வசதி இருந்தது, அவரால் முடிந்தது என்பார்கள். சரி. வீட்டு வாடகை பாக்கி இருக்கிறவன் பொய் சொல்லித்தான் வேலைக்குப் போக வேண்டுமென்றால் போகட்டும், அவனை நான் குறை சொல்ல மாட்டேன். உண்மை சொன்னவனைத் 'தகராறு பார்ட்டி' என்று ஒதுக்கிவிட்டுப் பொய் சொன்னவனுக்கு வேலை கொடுக்கிற நம்மைத்தான் சொல்கிறேன். காலனியிலிருந்து போன நம்மில் எத்தனையோ பேர் இன்று மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கிறோம்.

நமக்கு ஒரு வேண்டுகோள். வந்தவரிடம் ஏன் விட்டீர்கள் என்று கேட்பதற்கு முன்னால், இந்த நாற்காலியில் இதற்கு முன் இருந்தவர் ஏன் போனார் என்பதை நாம் சொல்லிவிடுவோம். போன மாதம் நான் சொன்னேன்: "இதுக்கு முன்னாடி இருந்தவர் வாரத்துல மூணு நைட் ஷிஃப்ட் தாங்காமப் போயிட்டார். இப்போ ரெண்டாக் குறைச்சிருக்கோம்." பக்கத்தில் இருந்த ஹெச்.ஆர். முகம் சுளித்தார். வந்தவர்களில் ஒருவர் நன்றி சொல்லிவிட்டு எழுந்து போனார். மற்றவர்கள் யாரும் அன்றைக்குப் பெட்டர் ப்ராஸ்பெக்ட்ஸ் என்று சொல்லவில்லை.