சென்னை வெயிலுக்குக் 'கூல்' பிளக்காம்ல!

மக்களே, பொட்டி தட்டுற வேலையை ஓரமா வெச்சுட்டு இன்னிக்கு நாலே நாலு ஸ்பார்க் பிளக்குக்காகப் பொங்கப் போறேன்.

மயிலாப்பூர் நண்பர் ஒருத்தர் அவங்கப்பா காலத்து ஸ்டாண்டர்ட் ஹெரால்டைத் தூசி தட்டி ரோட்டுக்கு இறக்கியிருக்கார். 1961லேர்ந்து நம்ம சென்னையில பண்ணின வண்டி. 948 சிசி. இதே ஹெரால்டோட சேசிஸைச் சுருக்கி, இதே குடும்பத்து இன்ஜினை 1147 சிசி ஆக்கித்தான் இங்கிலாந்துல 1962ல ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர்ங்கற ஸ்போர்ட்ஸ் காரே வந்துச்சு. ஸோ, 'தாத்தா வண்டி'ன்னு யாரும் நக்கல் விடாதீங்க.

இவருக்கு ஆளாளுக்கு ஒரே அட்வைஸ்: "சார், சென்னை வெயிலுக்கு ஒரு ஸ்டெப் கூல் பிளக் போடுங்க."

அட ஆண்டவா! சிலிண்டருக்குள்ள எரியற வாயு 2000 டிகிரியைத் தாண்டுது. வெளியில 28 டிகிரியா 42 டிகிரியான்னு அது கவலையா படும்? பிளக்கோட மூக்கு சுமாரா 500லேர்ந்து 800 டிகிரிக்குள்ள இருக்கணும், அவ்ளோதான். அதுக்குக் கீழே போனா கரி படியும், ரொம்ப மேலே போனா தீப்பொறி வர்றதுக்கு முன்னாடியே பெட்ரோல் பத்திக்கும். இதைத் தீர்மானிக்கிறது இன்ஜின் மேல விழற லோடு, கத்திரி வெயில் இல்ல.

சோழவரம் ஓடுதளத்துல ரேஸ் நடந்த காலத்துல, ஃபுல் த்ராட்டில்ல பறந்தவங்க கூல் பிளக் போட்டாங்கன்னா நியாயம். நண்பர் ஓட்டுறது உஸ்மான் ரோட்டுலயும் லஸ் கார்னர்லயும். ரெண்டாவது கியரைத் தாண்டினா அது திருவிழா! அங்க கூல் பிளக் போட்டா கரி பிடிச்சு மிஸ்ஸிங் ஆகும். உடனே கார்பரேட்டர் மேல பழி. அதைத் திருகுவாங்க, மிக்ஸ்சர் லீன் ஆகும், இன்ஜின் சூடேறும். "பாத்தீங்களா, வெயில்!"னு அதே ஆளுங்க திரும்ப வருவாங்க. வெளங்கிரும்.

இதைவிடக் கொடுமை நம்பர். என்ஜிகேல நம்பர் ஏற ஏற கூல். பாஷ், சாம்பியன்ல அப்படியே தலைகீழ், நம்பர் ஏறினா ஹாட். என்ஜிகே 6ம் பாஷ் 7ம் ஏறக்குறைய ஒண்ணு. இது புரியாம ஜி.பி. ரோட்டுல போய் "7 போட்டிருக்கேன், கூலா 8 குடுங்க"ன்னு பாஷ் வாங்கினா, கேட்டதுக்கு நேரெதிரா ஹாட் பிளக் கையில வரும். அதோட ஹைவேஸ்ல விரட்டினா பிஸ்டன்ல ஓட்டை விழ வாய்ப்பிருக்கு. ஹெரால்டுக்குப் பிஸ்டன் என்ன பொட்டிக்கடையிலயா தொங்குது?

அப்புறம் நீளம். என்ஜிகே நம்பர்ல 'எச்'னா த்ரெட் 12.7 மி.மீ., 'ஈ'னா 19. ரெண்டுமே 14 மி.மீ. விட்டத்துல கிடைக்கும்கறதால ரெண்டும் சமத்தா உள்ள ஏறிடும். குட்டை ஹெட்டுல நீளமானதை மாட்டினா ஆறு மி.மீ. உள்ள நீட்டிக்கிட்டு நிக்கும். பிஸ்டன் மோதினா சங்குதான். ஏற்கெனவே மாட்டியிருந்த பிளக்கையும் நம்பாதீங்க, ஹெட்டுல த்ரெட் ஆழத்தை அளந்துட்டு வாங்குங்க.

இரிடியம் கோஷ்டிக்கு: அது ரொம்ப நாள் உழைக்கும், ஒத்துக்கறேன். பவர் கூடும்கறதெல்லாம் புருடா. மேனுவல் சொல்ற சாதா பிளக், 0.025 இன்ச் கேப், ஒரு ஃபீலர் கேஜ். முடிஞ்சது ஜோலி.

ஆட்டோ அனுப்ப நினைக்கறவங்க மொதல்ல உங்க வண்டி பிளக்கைக் கழட்டிப் பாருங்க. மூக்கு வெளிர் பழுப்பா இருந்தா பின்னூட்டத்துல பேசலாம். கன்னங்கரேல்னு இருந்தா, அப்பீட்டு!