பல்கலைக்கழகம் பக்கத்தில், தமிழ் வகுப்பு எங்கே?

தஞ்சோங் டாவாயிலிருந்து மெர்போக், செமிலிங் வழியாகப் பீடோங் செல்லும் வட்டாரத்தில் உயர்கல்விக்கூடங்களுக்குக் குறைவில்லை. மெர்போக்கில் யுஐடிஎம் வளாகம் இருக்கிறது. செமிலிங்கில், ம.இ.கா.வின் கல்விப் பிரிவான எம்ஐஇடி 2001-இல் தொடங்கிய எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் இருக்கிறது. சுங்கைப் பட்டாணியில் ஆசிரியர் பயிற்சிக் கழகமும் உண்டு. ஆனால், தோட்டத்துப் பிள்ளைகள் பலருக்குத் தமிழ்க்கல்வி ஆறாம் ஆண்டோடு நின்றுவிடுகிறது.

1957-இல் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று 520-க்குச் சற்று மேல். தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டன. குடும்பங்கள் பட்டணத்துக்குப் பெயர்ந்தன. எஞ்சிய பள்ளிகளில் பல, 150 மாணவருக்கும் குறைவான சிறிய பள்ளிகள்.

சிக்கல் படிவம் ஒன்றில் தொடங்குகிறது. ஒரு சிறிய பள்ளியில் 12 பேர் ஆறாம் ஆண்டை முடிப்பதாக வைத்துக்கொள்வோம். அவர்கள் மூன்று இடைநிலைப்பள்ளிகளுக்குப் பிரிந்தால் பள்ளிக்கு நால்வர்தான். "ஆள் போதாது" என்று பெற்றோர் அடங்கிவிடுகிறார்கள்.

1996 கல்விச் சட்டம் சொல்வது வேறு. பள்ளியில் குறைந்தது 15 மாணவரின் பெற்றோர் கேட்டால் தேசிய இடைநிலைப்பள்ளி தமிழ் கற்க வசதி செய்ய வேண்டும். ஒரே வகுப்பில் 15 பேர் வேண்டும் என்றில்லை. படிவம் ஒன்று முதல் ஐந்து வரை எல்லாரையும் சேர்த்து எண்ணலாம். நான்கு பேர் என்று நினைத்த இடத்தில் இருபது பேர் இருக்கக்கூடும். அவர்களை ஒன்றுசேர்க்கத்தான் ஆளில்லை.

இதில் இழப்பு சிறியதல்ல. எஸ்பிஎம் தேர்வில் தமிழ் எடுக்காதவருக்குத் தமிழாசிரியர் பயிற்சியின் கதவு அடைபடுகிறது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1956 முதல் இந்திய ஆய்வியல் துறை இயங்குகிறது. அதற்கும் மாணவர் இங்கிருந்துதான் போக வேண்டும். நாளை நம் தமிழ்ப்பள்ளிகளில் யார் பாடம் நடத்துவது?

நூலகமும் இதே கதைதான். தமிழ்ப்பள்ளியை விட்டு வெளியேறும் பிள்ளை, கைக்கெட்டிய தமிழ்ப் புத்தக அலமாரியையும் விட்டுப் போகிறது. சனிக்கிழமை காலையில் இரண்டு மணி நேரம் முன்னாள் மாணவருக்கும் பள்ளி நூலகத்தைத் திறந்துவைக்கலாம். இதற்குப் பெரிய மானியம் தேவையில்லை.

பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஆறாம் ஆண்டு மாணவர் எந்தெந்த இடைநிலைப்பள்ளிக்குப் போகிறார்கள் என்ற பட்டியலை வைத்துக்கொண்டு, அங்கே ஏற்கெனவே படிக்கும் பிள்ளைகளின் பெற்றோரையும் சேர்த்துக் கையெழுத்து வாங்கி, முதல்வரிடம் எழுத்துப்பூர்வமாகக் கொடுக்க வேண்டும். வாய்மொழியாகக் கேட்டால் போதாது. சட்டம் கேட்பது 15 பேரை. நம் வட்டாரத்தில் அவர்கள் இருக்கிறார்கள்.