சுட மட்டும் போகாதீர்கள், பெட்டியும் தூக்குங்கள்

'கிளே பிஜன்' என்று சொல்கிறார்களே, அதில் களிமண்ணும் இல்லை, புறாவும் இல்லை. சுண்ணாம்புக்கல் தூளையும் தார் போன்ற பிசினையும் கலந்து வார்த்த ஒரு தட்டு அது. விட்டம் 110 மில்லிமீற்றர், நிறை ஏறத்தாழ 105 கிராம். ஓர் இயந்திரம் அதை வானத்தில் எறியும். நீங்கள் ஷொட்கன்னால் சுட்டு உடைக்கவேண்டும். விளையாட்டு அவ்வளவுதான். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பிரித்தானியாவின் நேதன் ஹேல்ஸ் 'ட்ராப்' பிரிவில் தங்கம் வென்றது இந்தத் தட்டுகளைச் சுட்டுத்தான். அதே பிரிவில் இந்தியாவுக்காகச் சுட்டவர் புதுக்கோட்டைத் தொண்டைமான் குடும்பத்துப் பிருத்விராஜ். ஆகவே இது வெள்ளைக்காரப் பணக்காரரின் விளையாட்டு என்று ஒதுக்கவேண்டாம். அவரும் ராஜ குடும்பம்தானே என்று நீங்கள் முணுமுணுப்பது கேட்கிறது. சரி, விடுங்கள்.

நான் இதைப் பழகப் போகிறேன் என்று சொன்னபோது அம்மா கேட்டது ஒரே கேள்வி: "துவக்குக்குப் பயந்துதானே நாட்டை விட்டு வந்தனாங்கள், நீ காசு குடுத்துத் தூக்கப் போறியோ?" உங்கள் வீட்டிலும் இதே கேள்விதான் வரும். அதைச் சிரித்துத் தட்டிக்கழிக்க எனக்கு மனமில்லை. எங்கே போய்ச் சுடுகிறோம் என்பதற்கும் அந்தக் கேள்விக்கும் தொடர்பு இருக்கிறது என்று நினைக்கிறேன்.

இங்கிலாந்தில் சுடுவதற்கு இரண்டு வகை இடங்கள் உண்டு. முதலாவது, வியாபாரமாக நடக்கும் மைதானங்கள். எங்கள் சனம் நிறைய இருக்கும் வடமேற்கு லண்டனிலேயே, நோர்த்தோல்ட்டில், 1901இல் தொடங்கிய வெஸ்ட் லண்டன் ஷூட்டிங் ஸ்கூல் இருக்கிறது. நோர்த்வுட் பக்கம் ஹொலண்ட் அண்ட் ஹொலண்ட் மைதானம். ஹரோவில் இருப்பவருக்கு இரண்டுமே கிட்டத்தான். இப்படியான இடங்களில் இணையத்தில் பதிவு செய்தால் போதும். துவக்கு, தோட்டா, காதுக்கவசம், பயிற்றுநர் எல்லாம் அங்கேயே தருவார்கள். உங்களிடம் ஷொட்கன் அனுமதிப்பத்திரம் இருக்கத் தேவையில்லை. 1968ஆம் ஆண்டுச் சுடுகலன் சட்டத்தின் 11(6) பிரிவு, பொலிஸ் ஒப்புதல் பெற்ற இடத்தில், ஒப்புதல் பெற்ற நேரத்தில், செயற்கை இலக்குகளைச் சுட அனுமதிப்பத்திரம் வேண்டாம் என்கிறது.

இரண்டாவது, உறுப்பினர்களே நடத்தும் கிளப்புகள். பெரும்பாலும் ஒரு விவசாயியின் வயல், ஒரு பழைய கொள்கலன், தேநீருக்கு ஒரு மேசை. திட்டமிடல் அனுமதி இல்லாமல் ஒரு நிலத்தைத் தற்காலிகமாக வேறு தேவைக்குப் பயன்படுத்த வருடத்தில் 28 நாள் வரை சட்டம் இடம் கொடுக்கிறது. பல சிறு கிளப்புகள் உயிரோடு இருப்பது அந்த 28 நாளில்தான். இரண்டு கிழமைக்கு ஒரு ஞாயிறு என்றால் 26 நாள். கணக்கு முடிந்தது. அந்த ஞாயிறு காலையில் யாரோ நேரத்துக்கு எழும்பி, இயந்திரங்களை இழுத்துவந்து, பற்றரி பூட்டி, தட்டுப் பெட்டிகளைச் சுமந்து, திசையையும் கோணத்தையும் சரிபார்த்து வைக்கிறார்கள். அதற்கு யாருக்கும் சம்பளம் இல்லை.

வியாபாரத்தை நான் பழிக்கவில்லை. நானே மணித்தியாலத்துக்குக் காசு வாங்கும் ஆலோசகன். கிழமை நாளிலும் திறந்திருப்பது, நல்ல பயிற்றுநர்கள், சுத்தமான கழிப்பறை, சக்கர நாற்காலி போகக்கூடிய பாதை இவையெல்லாம் காசு இல்லாமல் வருவதில்லை. முக்கியமாக, அங்கே வாசலில் உங்கள் பெயரையும் நிறத்தையும் பார்த்து யாரும் யோசிப்பதில்லை. நான் முதன்முதல் போன ஒரு கிளப்பில் ஒரு மணித்தியாலம் வரை யாரும் என்னோடு கதைக்கவில்லை. இணையப்பக்கம் பல வருடமாகப் புதுப்பிக்கப்படவில்லை. அனுப்பிய மின்னஞ்சலுக்குப் பதிலும் இல்லை. "இளைஞர்கள் வருகிறார்கள் இல்லை" என்று கவலைப்படும் கிளப்புகள் முதலில் தங்கள் வாசலைப் பார்க்கவேண்டும்.

ஆனாலும் என் வாக்கு கிளப்புக்குத்தான். காரணம் விலை அல்ல.

இது துவக்கு. மற்ற விளையாட்டுகளைப் போல் அல்ல. சுடும் இடத்தில் நிற்கும்போது மட்டும்தான் தோட்டா போடலாம், மற்ற நேரமெல்லாம் துவக்கு மடித்துத் திறந்திருக்கவேண்டும் என்ற விதி இரண்டு இடத்திலும் ஒன்றுதான். ஆனால் கிளப்பில் அந்த விதியைப் பார்த்துக்கொள்வது ஊழியர் மட்டுமல்ல, எல்லோரும்தான். ஒருவர் இன்று வழமைபோல் இல்லை, முகம் சரியில்லை, அவசரப்படுகிறார் என்று கவனிப்பதற்கு அவருடைய வழமை உங்களுக்குத் தெரிந்திருக்கவேண்டும். ஒரு மணித்தியாலத்துக்கு வந்துபோகும் வாடிக்கையாளரின் வழமை யாருக்குத் தெரியும்?

சட்டமும் இதைத்தான் கேட்கிறது. சொந்தமாக ஷொட்கன் வைத்திருக்க விண்ணப்பித்தால், குறைந்தது இரண்டு வருடமாக உங்களை அறிந்த, உறவினர் அல்லாதவர்கள் உங்களுக்காகப் பேசவேண்டும். உங்கள் வைத்தியரிடமும் விபரம் கேட்பார்கள். பத்திரம் ஐந்து வருடத்துக்குத்தான். உங்களுக்காகப் பேசுபவர் ஆசிரியராக இருக்கலாம், அயலவராக இருக்கலாம். ஆனால் மழையிலும் தோல்வியிலும் கோபத்திலும் உங்களைத் துவக்கோடு கண்ட ஒருவர் சொல்லும் சொல்லுக்கு வேறு பெறுமதி.

அம்மாவிடம் நான் சொன்னதும் இதுதான். அவர் பயந்த துவக்கு, யாருடையது, யாருக்குப் பொறுப்பு என்று கேட்கமுடியாத துவக்கு. இங்கே என் கையில் இருப்பதற்குப் பக்கத்தில் நிற்கும் இருபது பேரும் கேள்வி கேட்கலாம். அம்மா முழுக்க ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் கேட்டுக்கொண்டிருந்தார்.

உங்களில் பலர் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் படித்தவர்கள். வாடகை மண்டபத்தின் கதவைத் திறந்தவரும் கதிரை அடுக்கியவரும் யாரோ ஒருவருடைய அப்பா அம்மாதான். நாங்கள் போனோம், படித்தோம், வந்தோம். இன்று அந்தக் கதிரைகளை அடுக்க ஆள் தேடுகிறார்கள். கிளப்புகளின் கதையும் அதேதான். செயலாளருக்கு முழங்கால் முடியவில்லை. பொருளாளர் விலகினால் கணக்கு எழுத ஆள் இல்லை. அயலவர் சத்தம் என்று முறைப்பாடு வைத்தால் மாநகரசபைக்குப் பதில் எழுத ஆள் இல்லை. அப்படி ஒரு கிளப் மூடினால் அந்த வயலில் கோதுமை முளைக்கும். திரும்பத் தொடங்குவது லேசல்ல.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். முதல் இரண்டு மூன்று தடவை வியாபார மைதானத்துக்குப் போய், பயிற்றுநரிடம் அடிப்படையை ஒழுங்காகப் பழகுங்கள். 15 வயதுக்குக் கீழ் என்றால் 21 வயது நிரம்பிய ஒருவரின் மேற்பார்வை சட்டப்படி கட்டாயம். பிறகு பக்கத்தில் உள்ள கிளப் ஒன்றுக்குப் போங்கள். முதல் நாள் யாரும் கதைக்காவிட்டால் இரண்டாம் நாளும் போங்கள். அரை மணித்தியாலம் முந்திப் போய், "என்ன தூக்கவேண்டும்?" என்று கேளுங்கள். நான் அப்படிக் கேட்ட காலையில்தான் எனக்கு முதல் தேநீர் கிடைத்தது. இப்போது அவர்களின் இணையப்பக்கத்தைப் பார்ப்பது என் பொறுப்பு. மின்னஞ்சல் போட்டுப் பாருங்கள், பதில் வரும்.