பழைய காமிராவா? திறந்துவிட வேண்டாம்!

பீரோவை ஒழிக்கும்போது தாத்தாவின் காமிரா அகப்படுகிறது. தோல் உறை கிழிந்திருக்கிறது. வார் அறுந்திருக்கிறது. வீட்டுப் பையனுக்கு ஒரே குதூகலம். அவன் முதலில் செய்யும் காரியம் என்ன? பின்பக்க மூடியைப் 'படக்' என்று திறந்து பார்க்கிறான்!

உள்ளே பாதி எடுத்த பிலிம் இருந்திருந்தால்? போச்சு! பாட்டியின் சிரித்த முகம் அந்த நொடியிலேயே அழிந்திருக்கும்.

பழைய காமிராவில் படம் எடுக்கும் ஆசை இன்று இளைஞர்களிடம் மறுபடியும் துளிர்த்திருக்கிறது. நல்ல ஆசைதான். ஆனால், லென்ஸ் எப்படி, விலை எவ்வளவு என்றுதான் எல்லோரும் பேசுகிறார்கள். மூடியைத் திறக்காமல் இருப்பதே முதல் பாடம் என்பதை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை.

பனியில் கிடந்த படங்கள்

"இத்தனை வருஷம் கழித்துப் படம் இருக்குமாக்கும்!" என்று சிலர் கேலி செய்வார்கள்.

சுவீடன் நாட்டைச் சேர்ந்த ஆந்த்ரே என்பவர் 1897-ம் ஆண்டு, இரண்டு தோழர்களுடன் பலூனில் ஏறி வட துருவத்துக்குப் புறப்பட்டார். மூன்றே நாளில் பலூன் பனிக்கட்டி மீது இறங்கிவிட்டது. மூவரும் பனியில் நடந்தார்கள். கடைசியில் ஒரு தீவில் மாண்டார்கள்.

அவர்களுடைய முகாமை 1930-ம் ஆண்டுதான் கண்டுபிடித்தார்கள். அங்கே பிலிம்களும் கிடைத்தன! ஸ்டாக்ஹோம் நகரில் அவற்றைப் பக்குவமாகக் கழுவினார்கள். சுமார் 240 படங்களில் 93 தேறின. பலூன் பனியில் சாய்ந்து கிடக்கிறது. அதன் அருகே இரண்டு பேர் நிற்கிறார்கள். 33 ஆண்டுகளுக்குப் பிறகு அந்தக் காட்சியை உலகம் பார்த்தது.

இது எப்படி? பிலிமில் வெள்ளி உப்பு பூசியிருக்கிறது. வெளிச்சம் பட்ட இடத்தில் அந்த உப்பு சிறிது மாறுகிறது. கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. மருந்தில் போட்டதும் அந்த இடம் கறுக்கிறது. அதுவரை படம் உள்ளே ஒளிந்தே இருக்கும்.

அது பனிப் பிரதேசம். நம் ஊர் வெயிலும் ஈரமும் பிலிமுக்குப் பகை. படம் புகை மூடியதுபோல் வரலாம். ஒன்றுமே வராமலும் போகலாம். அதற்காக, முயன்று பார்க்காமலே குப்பையில் போடுவதா?

சிவப்பு ஜன்னல்

பிலிம் இருப்பதை எப்படி அறிவது? ஒரு காலத்தில் பரோடாவில் தயாரான ஆக்பா கிளிக் 3 போன்ற காமிராக்களின் முதுகில் ஒரு சிறிய சிவப்பு ஜன்னல் இருக்கும். அதில் எண்ணோ காகிதமோ தெரிந்தால் உள்ளே சுருள் இருக்கிறது. காகிதம் மறைந்து, திருகு லேசாகச் சுற்றும் வரை திருகவேண்டும். பிறகு இருட்டறையில் திறந்து, சுருள் தளராமல் ஒட்டி, கறுப்புக் காகிதத்தில் சுற்றவேண்டும். திருகு அசையாவிட்டால் முரட்டுத்தனம் கூடாது. விஷயம் தெரிந்தவரிடம் காமிராவோடு கொடுத்துவிடலாம்.

கழுவக் கொடுக்கும்போது, "இது பழைய பிலிம்" என்று கட்டாயம் சொல்லவேண்டும். கறுப்பு வெள்ளைப் பிலிமைக் கலர் பிலிமுக்கான மருந்தில் போட்டால், வெள்ளி கரைந்து, படமே இல்லாத வெற்றுப் பிலிம்தான் மிஞ்சும். இத்தனை வருஷம் பிழைத்த படம் அரை மணியில் சாவது கொடுமை அல்லவா?

12 படம்தான்

பிறகு அதே காமிராவில் படம் எடுக்கலாம். ஆயிரக்கணக்கில் செலவழித்து வேறு காமிரா வாங்கவேண்டிய அவசியமில்லை. கிளிக் 3 காமிராவுக்கு வேண்டிய 120 பிலிம் 1901-ம் ஆண்டு வந்தது. இன்றும் அதைத் தயாரிக்கிறார்கள்! ஊட்டியில் 1960-ல் அமைந்த இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் மட்டும் மூடப்பட்டுவிட்டது. அதனால் இப்போது வெளிநாட்டுப் பிலிமைத்தான் வாங்கவேண்டும். காமிராவில் உள்ள காலி ஸ்பூலை எறிந்துவிடக்கூடாது. புதுப் பிலிம் அதில்தான் போய்ச் சுற்றும்.

நிழலில் வைத்துப் பிலிம் மாட்டவேண்டும். சிவப்பு ஜன்னல் மேல் ஒரு துண்டுக் கறுப்பு நாடாவை ஒட்டுவது நல்லது. ஏனென்றால், இக்காலப் பிலிம்களில் பெரும்பாலானவை சிவப்பு வெளிச்சத்துக்கும் கெட்டுப்போகும். படம் எடுப்பவரின் முதுகுப் பக்கம் வெயில் இருக்கட்டும். ஆளைச் சுமார் 10 அடி தூரத்தில் நிறுத்தி, மூச்சை அடக்கிக்கொண்டு விசையை அழுத்தவேண்டும். எடுத்த உடனே பிலிமைத் திருகிவிடவேண்டும். மறந்தால், பல பெட்டிக் காமிராக்களில் ஒரு படத்தின் மேல் இன்னொன்று விழும். மாமாவின் தலையில் ஆட்டுக்குட்டி நிற்கும்!

சுருளில் இருப்பது 12 படம்தான். செல்போனில் ஆயிரம் எடுப்பவர்களுக்கு இது கஞ்சத்தனமாகத் தோன்றும். பூவையும் பூனையையும் செல்போனிலேயே எடுக்கலாம். முதல் சுருளில் வீட்டின் மூத்தவரைத் திண்ணையில் உட்கார வைத்து எடுப்பதே சரி.

பிலிம் முடிந்ததும், எடுத்த தேதியையும் படத்தில் உள்ளவர்களின் பெயரையும் ஒரு சீட்டில் எழுதிச் சுருளோடு வைக்கவேண்டும். அந்த மாதமே கழுவக் கொடுத்துவிடவேண்டும்.