சின்ன நாய்க்குப் பயிற்சி: வாய் பேசணுமா, கால் பேசணுமா?

1978-ல் லண்டன் கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில், இடைவேளையில் கூட்டத்தை உட்கார வைக்கத் தொடங்கிய வேடிக்கைதான் ‘அஜிலிட்டி’. தடை தாண்டி, குழாய்க்குள் புகுந்து, கம்புகளுக்கிடையே வளைந்து ஓட வேண்டும். போட்டியில் நாயைத் தொடக் கூடாது. தீனியும் காட்டக் கூடாது.

தியாகதுருகத்தில் பழக்க நாலு செங்கல்லும் ஒரு மூங்கில் குச்சியும் போதும். வளர்கிற குட்டி என்றால் குச்சி தரையிலேயே கிடக்கட்டும்.

நம்மாட்கள் செய்கிற தப்பு வேறு. ‘வா’, ‘வாடா’, ‘இங்க வாடா கண்ணு’ என ஒரே வேலைக்கு மூணு சொல். வாய் ‘இடது’ என்னும். தோளும் காலும் வலப்பக்கம் திரும்பியிருக்கும். நாய் நம்புவது உடம்பைத்தான். அதிலும் சின்ன நாய்க்கு முகத்தைவிடப் பாதம்தான் பக்கம். அதனால் முதலில் காலும் கையும். அது பழகியபின், சைகைக்கு ஒரு நொடி முன்னால் ஒரே ஒரு சொல். தாவிய பிறகு கத்துவது வீண்.

சொல்லே வேண்டாமா? ஊரை ஒட்டி உளுந்தூர்பேட்டை–சேலம் நெடுஞ்சாலை போகிறது. முதுகைக் காட்டி அந்தப் பக்கம் ஓடும் நாய்க்குக் கை தெரியாது, ‘நில்’ மட்டும்தான் கேட்கும். அதை மட்டும் முதல் வாரமே தொடங்கிவிட வேண்டும்.