தேயிலைத் தோட்டப் பெண் தொழிலாளரின் பேறுகால விடுப்பு ஊதியத்தைச் சட்டப்படி கணக்கிட்டு வழங்கக் கோரும் மனு

பெறுநர்: தொழிலாளர் ஆணையர், சென்னை

பேறுகால விடுப்பு 26 வாரம் என்பது மலைத் தோட்டங்களில் எல்லாருக்கும் தெரிந்ததே. அந்த 26 வாரத்துக்கு எத்தனை ரூபாய் என்பதில்தான் தகராறு. 1961ஆம் ஆண்டின் பேறுகாலப் பயன் சட்டம் 12 வாரம் தந்தது. 2017 திருத்தம் அதை 26 ஆக்கியது. 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் அதையே வைத்திருக்கிறது. இ.எஸ்.ஐ. எட்டாத தோட்டங்களில் பணம் கொடுப்பவர் நிர்வாகம். கணக்குப் போடுபவரும் அதே நிர்வாகம்.

பிரசவம் எதிர்பார்க்கப்படும் நாளுக்கு முந்தைய 12 மாதங்களில் 80 நாள் வேலை செய்திருந்தால் போதும். கொழுந்து குறைந்ததால் லே-ஆஃப் தரப்பட்ட நாட்களும் சம்பளத்துடன் கூடிய விடுமுறைகளும் இந்த 80இல் சேரும். தற்காலிகப் பெயர்ப்பட்டியலில் இருப்பவர்களுக்கு இந்த வரி மிக முக்கியம்.

நாள் ஊதியத்தை எடுப்பதில்தான் முதல் பிழை நேர்கிறது. விடுப்பில் செல்வதற்கு முந்தைய மூன்று மாதங்களில் வேலை செய்த நாட்களுக்குரிய ஊதியத்தின் சராசரியே அளவு. 75 நாள் வேலை செய்து 37,500 ரூபாய் ஈட்டியவருக்கு அது 500 ரூபாய். 75ஆல் வகுக்க வேண்டியதை 90ஆல் வகுத்தால் 417 ரூபாய்கூடத் தேறாது.

இரண்டாவது பிழை ஞாயிற்றுக்கிழமை. வேலையில்லா நாளுக்குக் கூலியில்லை என்று அதைக் கழிப்பது பழைய வாதம். 1977இலேயே உச்ச நீதிமன்றம் அதை நிராகரித்துவிட்டது. கோவைத் தொழிலாளர் நீதிமன்றம் வழியாக மேலே சென்ற அந்த வழக்கும் ஒரு தோட்டத் தொழிலாளியுடையதுதான். வாரம் என்றால் ஏழு நாள் என்பதே தீர்ப்பு. ஆகவே 26 வாரம் 182 நாள். மேற்சொன்ன தொழிலாளிக்குச் சேர வேண்டியது 91,000 ரூபாய். ஞாயிறுகளைக் கழித்து 156 நாளாக்கினால் 78,000. இரண்டு பிழையும் சேர்ந்தால் 65,000. ஒரு பிரசவத்தில் 26,000 ரூபாய் இழப்பு.

நிர்ணய எடைக்கு மேல் பறிக்கும் கொழுந்துக்கான ஊக்கத்தொகை இன்னொரு கேள்வி. 1961 சட்டம் ஊக்கத்தொகையையும் கூலியில் சேர்த்தது. புதிய தொகுப்பின் கூலி விளக்கம் வேறு விதமாக அமைந்திருப்பதைச் சாக்காக்கி அதை விட்டுவிட இடமளிக்கக் கூடாது.

பிரசவத்துக்கு முந்தைய பகுதிக்கான பணம், அதிகபட்சம் எட்டு வாரத்துக்கு, கர்ப்பச் சான்று கொடுத்ததும் முன்பணமாகத் தரப்பட வேண்டும். மீதி, பிரசவச் சான்று கொடுத்த 48 மணி நேரத்துக்குள். விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பிய பிறகு கொடுப்பது சலுகையாகாது, சட்டமீறல்.

தந்தையர் நிலை இதைவிடச் சுருக்கமானது. மத்திய அரசு ஊழியருக்கு 15 நாள் விடுப்பு உண்டு. தோட்டத் தொழிலாளிக்குச் சட்டத்தில் ஒரு நாளும் இல்லை.

எனவே, வகுத்த நாட்கள், நாள் ஊதியம், பெருக்கிய நாட்கள் மூன்றையும் காட்டும் கணக்குச் சீட்டை ஒவ்வொரு பேறுகால விடுப்புக்கும் எழுத்தில் தர வேண்டும் என நிர்வாகங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பும்படி எங்கள் தோட்டத் தொழிலாளர் சங்கம் கோருகிறது. வடமாநிலத் தொழிலாளர் பெருகிவிட்டதால் அந்தச் சீட்டு தமிழிலும் இந்தியிலும் இருத்தல் நலம். ஊக்கத்தொகை குறித்துத் தெளிவுரை வெளியிடவும், குறைத்துக் கொடுத்த தொகைகளை ஆய்வின்போது கண்டறிந்து பெற்றுத் தரவும், தந்தையருக்கு 15 நாள் ஊதிய விடுப்பை அரசுக்குப் பரிந்துரைக்கவும் ஆணையரைச் சங்கம் கேட்டுக்கொள்கிறது.