தாராவிக்கும் ஓர் ஆறு

கோடை விடுமுறை நெருங்கினால் தாராவி, மாட்டுங்கா, செம்பூர்த் தமிழ்க் குடும்பங்கள் 60 நாள் முன்பே நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் இடம் பிடிக்க முட்டி மோதுகின்றன. கோவில் கொடை, கல்யாணம் எல்லாம் காரணம்தான். ஆனாலும் பிள்ளைகளை இழுப்பது தாமிரபரணி என்றே நினைக்கிறேன். நெல்லைக் குறுக்குத்துறைப் படியில் ஆச்சி துணி அலச, பக்கத்திலேயே பேரன் முங்கி எழும் அந்தச் சுகம் மும்பையில் எங்கே கிடைக்கும்? இத்தனைக்கும் தாராவியின் ஓரத்திலேயே ஓர் ஆறு ஓடுகிறது. விகார், பவாய் ஏரிகளின் உபரிநீரில் பிறந்து, சுமார் 18 கிலோமீட்டர் ஓடி, மாஹிமில் கடல் சேரும் மித்தி. பலர் வாயில் அது வெறும் நாலா, அதாவது சாக்கடை. கடற்கரை போதாதா என்று கேட்கலாம். அலையடிக்கும் கடல் வேறு, குடும்பமே காலை நனைத்து உட்காரும் படித்துறை வேறு. மித்தி மழைக்கால ஆறு, கோடையில் அதில் குளிக்க நீரேது என்பது நியாயமான கேள்வி. குளிக்கக்கூட வேண்டாம், சாக்கடையும் ஆலைக்கழிவும் கலக்காமல் தடுத்தால், மூக்கைப் பொத்தாமல் மாலையில் கரையில் உட்காரலாமே. 2005 ஜூலை 26 அன்று ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டி மித்தி ஊருக்குள் புகுந்தபின் அதை ஆழப்படுத்தினார்கள், கரைச்சுவர் எழுப்பினார்கள். வெள்ளத்துக்கு அது தேவை. தாராவியையே மாற்றிக் கட்டப்போகிற இந்த நேரத்தில், அந்தச் சுவரில் நாலு இடத்திலாவது படி வைக்கச் சொல்லி நாம் கேட்க வேண்டும்.